ஒளிப்படக் கலையும் நாமும்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது முன்னோர் வாக்கு. இது காமிரா பிடிப்போருக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில்தான் உணர்ந்தேன்.

அவ்விடுமுறையில் ஒளிப்படப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். "பெண்பிள்ளைக்கு இது எதற்கு?" என்று உறவினர் சிலர் கேட்டனர். முதல் பாடமாக, நம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் படமெடுத்து வருமாறு ஆசிரியர் பணித்தார். அங்கே சாலையோரத்தில் பழைய பூட்டு, சாவிகளைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியைக் கண்டேன். அவருடைய முகச் சுருக்கங்கள் படத்தில் அழகாக விழும் என்று எண்ணிச் சட்டென்று எடுத்துவிட்டேன். பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஒரு வார்த்தை கேட்டியாம்மா?" என்றார். பதில் சொல்ல வாய் வராமல் திரும்பினேன்.

நடந்ததை அறிந்த ஆசிரியர், சில கலைஞர்களைப் பற்றிப் படித்து வரச் சொன்னார். ஹோமாய் வியாரவாலா (1913–2012) இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில் வெளிவந்தன. அவருக்கே 2011இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. உறவினர் கேள்விக்கு வேறு விடையும் வேண்டுமோ?

நம் காலத்தவரான தயானிதா சிங், மோனா அகமது என்னும் திருநங்கையை ஒரு லண்டன் பத்திரிகைக்காகப் படமெடுத்தார். மோனா அதை விரும்பவில்லை என்றறிந்ததும் படச்சுருளையே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து வளர்ந்த நட்பின் பயனாக 2001இல் மோனாவைப் பற்றிய நூல் வெளிவந்தது. 2022இல் ஹாசல்பிளாட் விருதையும் அவர் பெற்றார்.

மதுரையைச் சேர்ந்த பழனிகுமார் என்னை இன்னும் கவர்ந்தார். மீன் விற்று வளர்த்த தம் தாயையே படங்களில் பதிவு செய்தவர் அவர். துப்புரவுத் தொழிலாளர், கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் இராமநாதபுரத்துப் பெண்கள் ஆகியோரின் வாழ்வையும் படமாக்கியுள்ளார். அப்படங்களில் உழைப்பவரின் மதிப்பு சற்றும் குறைவதில்லை.

"கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடுமே" என்று சிலர் சொல்லலாம். ஓடிவந்து எடுத்து ஓடுபவருக்கே அக்கவலை. அருகில் அமர்ந்து பேசிப் பழகினால், போன இயல்பு தானே திரும்பிவரும் என்பது என் கருத்து.

அடுத்த வெள்ளிக்கிழமை காமிராவை எடுக்காமலே பாட்டியிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். பழைய படத்தையும் அழித்துவிட்டதாகச் சொன்னேன். மூன்றாம் வாரம் அவரே, "இன்னிக்கு எடுத்துக்கோ" என்றார். அச்சிட்ட படத்தைக் கொடுத்தபோது, "என் பூட்டெல்லாம் நல்லாத் தெரியுதா?" என்றுதான் முதலில் கேட்டார். அவருடைய சுருக்கங்களை மட்டுமே பார்த்த நான், அவர் பெருமைப்படும் கடையைப் பார்க்கவே இல்லை!

தோழியரே! இன்று நம் வீடுகளில் கைப்பேசி வடிவில் காமிரா இருக்கிறது. பொத்தானை அழுத்த ஒரு நொடி போதும். அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கவும் ஒரு நொடி போதுமே!