திறவுகோல் பிறக்கும் வேளை

கணினியின் வன்தட்டை மறையெழுத்தாக்கிப் பூட்டுவோர் பலரும் பூட்டின் பெருமையையே பேசக் கேட்கிறோம். திறவுகோல் 256 பிட் நீளமுடையது, ஆகவே அச்சமில்லை என்பர். அந்த 256 பிட்டும் எங்கிருந்து வந்தன என்று வினவுவார் அரியர். அதுவே முதற்கண் கேட்கத்தக்க வினா என்பது நமது துணிபு.

இட்ட கணக்கை இட்டபடி செய்வது கணினியின் இயல்பு. ஊகிக்கவொண்ணா எண்ணை அது தன் கணக்கினாற் படைக்கவியலாது. ஆதலின், விசைகளை நாம் தட்டும் இடைவெளி, தட்டு விடை தரும் நேரத்தின் நுண்ணிய வேறுபாடு, சில்லினுள் எழும் மின்னிரைச்சல் முதலியவற்றைத் திரட்டி, அத்திரளினின்றே எண்களை வடித்துக்கொள்கிறது.

அத்திரள் வற்றினால் விளைவது யாது? 2006 ஆம் ஆண்டில் டெபியன் அமைப்பைப் பேணுவோர், சோதனைக் கருவி குறை கூறிற்று என்று ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டொரு வரிகளை நீக்கினர். இரைச்சலை உட்கொணர்ந்தவை அவ்வரிகளே! எஞ்சிய வித்து, ஓடும் நிரலுக்குக் கணினி இடும் வரிசை எண் ஒன்றே. அது 32,768 வகைக்கு மேற்படாது. 2008 மே மாதத்தில் உண்மை வெளிப்படுமளவும், அந்நிரலிற் பிறந்த திறவுகோல்கள் நீளத்தில் யாதொரு குறையுமின்றியே விளங்கின. கள்வனுக்கோ அவை எண்ணி முடிக்கத்தக்க சிறு கொத்து.

அவை வலைத்தொடர்புக்குரிய திறவுகோல்கள். வன்தட்டின் நிலை இதனினும் இக்கட்டானது. லினக்ஸில் வழங்கும் லக்ஸ் முறையில், தட்டை முதன்முதல் ஆயத்தஞ்செய்யும்போதே தலைமைத் திறவுகோல் பிறந்துவிடுகிறது. நாம் இடும் கடவுச்சொல் அதனைப் பொதிந்து வைக்கும் உறை மாத்திரமே. பின்னர்க் கடவுச்சொல்லை எத்துணை முறை மாற்றினும் உள்ளிருப்பது மாறாது. தட்டு முழுவதையும் மீண்டும் மறையாக்கினாலன்றி வழியில்லை.

இன்றைய லினக்ஸ் உட்கரு, போதிய இரைச்சல் சேருமளவும் காத்திருக்கின்றதே எனச் சிலர் கூறுவர். உண்மை, கவலையிற் பெரும்பகுதி அதனால் நீங்கிற்று. ஆயினும் ஒருமுறை பூட்டிய தட்டைப் படியெடுத்து நூறு கணினிகளில் இட்டால், நூற்றுக்கும் தலைமைத் திறவுகோல் ஒன்றே. இதனைச் சோம்பல் என்பதன்றி வேறென்னென்பது?

நிற்க, உறையாகிய கடவுச்சொல்லையும் மனம்போனபடி புனைதல் தகாது. மனிதமனம் ஊகிக்கவொண்ணாமையிற் கணினியினும் எளியது. பிறந்தநாளையும் செல்லப்பெயரையும் விட்டு அது நெடுந்தூரம் செல்வதில்லை. பகடை ஒன்றை ஐந்து முறை உருட்டினால் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். அவ்வாறு ஆறு சொற்கள் எடுத்துக்கொள்ளலாம். உருட்டியபின் பிடிக்கவில்லையென்று ஒரு சொல்லை மாற்றுவோருமுளர், அவர் மாற்றாதிருப்பாராக.