சஃபாரி கட்டணத்தில் யானைகளோடு வாழ்பவர்களின் பங்கு என்ன?

போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ கழிமுகத்தில், ஜூலை மாதத்தில் ஓர் ஆடம்பர முகாமில் ஒருவர் ஓர் இரவு தங்க 1,000 அமெரிக்க டாலருக்கு மேல் ஆகும். ரிங்கிட்டில் ஏறக்குறைய நாலாயிரம். கணவன் மனைவி இருவரும் நான்கு இரவு தங்கினால், விமானக் கட்டணம் இல்லாமலேயே 32,000 ரிங்கிட். நம் நாட்டில் அந்தப் பணத்துக்குப் புதிய சிறு கார் ஒன்று வாங்கிவிடலாம். இவ்வளவு பணம் எதற்கு, அது யாரிடம் போய்ச் சேருகிறது என்பது பயணத்துக்குத் திட்டமிடும் எவரும் கேட்கவேண்டிய கேள்வி.

விலை தற்செயலாக உயர்ந்ததல்ல. 1990ஆம் ஆண்டின் சுற்றுலாக் கொள்கையிலேயே, குறைவான பயணிகள், அதிக வருமானம் என்ற பாதையைப் போட்ஸ்வானா அரசு தேர்ந்தெடுத்தது. கூட்டம் பெருகினால் காடு கெடும் என்பது அதன் வாதம். அதனால் முகாம்களில் படுக்கைகள் குறைவு. பல முகாம்களுக்குச் சாலையே கிடையாது. சிறு விமானத்தில்தான் போகவேண்டும். அதில் பெட்டிக்கு இடமில்லை, சுமார் 20 கிலோவுக்குள் மென்மையான பை மட்டுமே அனுமதி.

ஒக்கவாங்கோ ஆறு கடலைச் சேருவதில்லை. அங்கோலா மலைகளில் பெய்யும் மழைநீர் பல மாதங்கள் நகர்ந்து வந்து, போட்ஸ்வானாவில் மழையே இல்லாத ஜூன் முதல் ஆகஸ்டு வரை கழிமுகத்தை நிரப்புகிறது. சுற்றிலும் வறட்சி நிலவும்போது இங்கு மட்டும் தண்ணீர் இருப்பதால் விலங்குகள் திரளுகின்றன. விலை உச்சத்துக்குப் போவதும் அப்போதுதான். 2014இல் யுனெஸ்கோ இதனை 1,000ஆவது உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

ஊருக்குள் வரும் யானை

போட்ஸ்வானாவின் மக்கள்தொகை 23 லட்சத்துக்குச் சற்று அதிகம். யானைகளோ சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. பயணிக்கு அது காட்சி. கழிமுகத்தின் ஓரத்தில் சோளமும் கம்பும் பயிரிடுபவருக்கு, ஒரே இரவில் ஓராண்டு உழைப்பை மிதித்துவிட்டுப் போகும் விலங்கு. உயிரிழப்பும் உண்டு.

2014இல் விதிக்கப்பட்ட வேட்டைத் தடையை அதிபர் மோக்வீட்சி மாசிசி 2019இல் நீக்கியதற்கு இந்தக் குமுறலும் ஒரு காரணம். வேட்டைப் பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த ஜெர்மனி யோசித்தபோது, 20,000 யானைகளை அங்கே அனுப்பி வைக்கிறேன் என்று 2024இல் அவர் மிரட்டினார். வெளிநாட்டார் சிரித்தார்கள். யானைகளுக்கு அருகே வாழ்பவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

உயர்ந்த கட்டணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு உரிமையாளர்களுக்கும் முகவர்களுக்கும் போய்விடுகிறது, உள்ளூர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் குறைந்த சம்பள வேலைகளே மிஞ்சுகின்றன என்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை.

நிலம் யாருடையது?

இன்னும் கசப்பான அனுபவம் அதே நாட்டின் மத்தியக் கலஹாரி வனப்பகுதியில் நடந்தது. 1961இல் அது ஒதுக்கப்பட்டபோது, அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சான் மக்களுக்கும் அது வாழிடமாக இருக்கவேண்டும் என்பதே நோக்கம். ஆனால் 1997இலும் 2002இலும் அரசு அவர்களை வெளியேற்றியது. தண்ணீர் விநியோகத்தையும் நிறுத்தியது. 2006இல் உயர் நீதிமன்றம் அவர்கள் திரும்பலாம் என்றது. ஆயினும் ஆழ்துளைக் கிணற்றைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற 2011 வரை அவர்கள் வழக்காட வேண்டியிருந்தது. அதற்குள் அதே வனத்தில் நீச்சல் குளத்துடன் ஒரு சுற்றுலா விடுதி திறக்கப்பட்டிருந்தது.

வேறு விதமாகவும் நடக்கமுடியும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா சான்று. பேரா மாநிலத்தைவிடச் சற்றே சிறிய இப்பூங்காவை விரிவாக்க, 1969இல் இன ஒதுக்கல் அரசு வடகோடியிலிருந்த மக்குலேக்கே மக்களை அப்புறப்படுத்தியது. 1998இல் அந்த நிலம் அவர்களுக்கே திரும்பியது. அவர்கள் அங்கே குடியேறவோ பயிரிடவோ இல்லை. நிலத்தைப் பூங்காவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். வாடகையும் வேலையும் அந்தச் சமூகத்துக்கு வருகின்றன.

நமீபியாவும் 1996இல் சட்டத்தைத் திருத்தி, தங்கள் பகுதி வனவிலங்குகள் மீதும் சுற்றுலா மீதும் கிராமச் சமூகங்களுக்கு உரிமை கொடுத்தது. இன்று அங்கே 86 சமூக வனக் காப்பகங்கள் உள்ளன. ஆனால் பயணிகளை நம்பிய வருமானம் எவ்வளவு மெலிதான கயிறு என்பதை 2020 காட்டியது. பெருந்தொற்றில் விமானங்கள் நின்றதும், வனக் காவலர்களின் சம்பளத்துக்கே அவசர நிதி திரட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே, முன்பணம் கட்டுவதற்கு முன் முகவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. விடுதி நிற்கும் நிலம் யாருடையது? கட்டணத்தில் எவ்வளவு அந்தச் சமூகத்துக்குப் போகிறது? வழிகாட்டிகளும் மேலாளர்களும் உள்ளூர்க்காரர்களா? நேர்மையான நிறுவனத்துக்கு இவற்றுக்குப் பதில் சொல்வதில் தயக்கம் இருக்காது. மழுப்பல்தான் பதிலாக வந்தால், பணத்தை வேறிடத்தில் செலவிடலாம்.

கையிருப்பு குறைவானவர்களுக்கும் வழி உண்டு. குரூகரில் பூங்கா நிர்வாகமே நடத்தும் முகாம்களில் ஆடம்பர விடுதியைவிடப் பல மடங்கு குறைந்த செலவில் தங்கி, வாடகைக் காரைத் தாங்களே ஓட்டிச் சென்று யானையையும் சிங்கத்தையும் பார்க்கலாம். மலேசியாவைப்போல அங்கும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்டவேண்டும். மலேரியா உள்ள பகுதி என்பதால், புறப்படுமுன் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்வது அவசியம்.