பரிசு மேடைக்கு வராத பிள்ளைகளும் சமுதாயக் கல்லூரியும்

தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் பங்குகளில் ஆண்டுதோறும் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை ஞாயிறு திருப்பலி முடிவில் முன்னால் அழைத்துப் பங்குத்தந்தை பொன்னாடை போர்த்துவார். பங்குப் பேரவை கேடயமோ கைக்கடிகாரமோ தரும். நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். அன்று கோயிலுக்கு வராத பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கணக்கில் தவறிய பையன், ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண், தேறியும் "இந்த மார்க்குக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைக்கும்?" என்று வீட்டில் ஏச்சு வாங்குகிறவன். முதல் மதிப்பெண் எடுத்தவர் பட்டியல் நம்மிடம் உண்டு. இவர்களின் பட்டியல் எத்தனை அன்பியங்களில் இருக்கிறது?

இவர்களை மனத்தில் வைத்துத்தான் நம் நாட்டில் சமுதாயக் கல்லூரிகள் தோன்றின என்பதும், அந்தத் தோற்றத்தில் திருச்சபைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் இன்று நம்மில் பலருக்கு நினைவில் இல்லை. 1995ஆம் ஆண்டு புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1996இல், சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் சென்னை சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1999இல் இதற்கென்றே ஓர் ஆய்வு, வளர்ச்சி மையம் சென்னையில் உருவானது. அதை வழிநடத்திய இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் இந்த எண்ணத்தை மாநிலம் மாநிலமாக எடுத்துச் சென்றார். மறைமாவட்டங்களும் துறவற சபைகளும், குறிப்பாக அருள்சகோதரிகளின் சபைகள், பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதியிலோ பழைய விடுதியிலோ இத்தகைய கல்லூரிகளைத் திறந்தன.

பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் வெறும் 6 மாணவர்களோடு தொடங்கிய கல்லூரியை இதன் மூத்த பிள்ளை என்பார்கள். அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் 1947ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகு 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயர் அங்கே நிலைபெற்றது. உள்ளூர்க் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, விரும்பினால் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து பட்டம் பெறலாம் என்பது அந்த ஏற்பாடு. நம்மவர்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள்; உள்ளடக்கத்தை நம் ஊர்த் தேவைக்கு ஏற்ப மாற்றினார்கள். பள்ளியை விட்டவர், தேர்வில் தவறியவர், வேலையில்லாதவர், குடும்பப் பெண்கள் ஆகியோருக்கு ஓராண்டுப் பட்டயம். நுழைவுத்தேர்வு கிடையாது. வயது தடையில்லை. படிப்பின் முடிவில் ஒரு வேலை.

அந்த ஓராண்டு எப்படி இருக்கும்? வெளியே இருந்து பார்ப்பவர்கள் இதைத் தையல் வகுப்பு, டைப்ரைட்டிங் வகுப்பு போன்ற ஒன்றாகவே எண்ணுகிறார்கள். உள்ளே நடப்பது வேறு. ஒரே பெஞ்சில் 17 வயதுப் பையனும் இரண்டு பிள்ளைகளின் தாயும் உட்கார்ந்திருப்பார்கள். முதல் மாதங்களில் தொழிலைக் காட்டிலும் 'வாழ்க்கைத் திறன்' என்ற பாடத்துக்கே அதிக இடம். எழுந்து நின்று தன் பெயரையும் ஊரையும் நான்கு பேர் முன்னால் சொல்வதில் அது தொடங்குகிறது. எளிதான காரியம் என்று நாம் நினைக்கலாம். 'உனக்குப் படிப்பு வராது' என்று பத்தாண்டுகள் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அது மலை ஏறுவது போன்றது. வங்கிப் படிவம் நிரப்புவது, தொலைபேசியில் பதில் சொல்வது, கோபத்தை அடக்குவது, நேரத்துக்கு வருவது, தேவையான அளவு ஆங்கிலம், கணினி என்று பாடம் நீளும். பிறகு தொழில்: நோயாளர் பராமரிப்பு, குளிர்சாதன எந்திரப் பழுதுபார்ப்பு, இருசக்கர வாகன மெக்கானிசம், வீட்டு மின்பணியும் குழாய்ப் பணியும், சமையல் கலை, ஆடை வடிவமைப்பு, மழலையர் பள்ளி ஆசிரியப் பயிற்சி. கடைசிக் கட்டமாக மருத்துவமனையிலோ பட்டறையிலோ ஓட்டலிலோ களப்பயிற்சி. கல்லூரிச் சீருடையோடும் அடையாள அட்டையோடும் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது ஒரு பிள்ளையின் முகத்தில் தெரியும் மாற்றத்தை எந்த மதிப்பெண் பட்டியலிலும் காண முடியாது.

இவ்வளவு இருந்தும் நம் குடும்பங்கள் இக்கல்லூரிகளை ஏன் கடைசி இடத்தில் வைக்கின்றன? காரணம் மரியாதை. தமிழகம் உயர்கல்வியில் நாட்டுக்கே முன்னால் நிற்கிறது. 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி 18 முதல் 23 வயதினரின் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 விழுக்காடு, தமிழகத்தில் 47 விழுக்காடு. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்த 47ஐப் பற்றிப் பேசுகிற நாம், கல்லூரிக்கு வெளியே நிற்கும் மற்றப் பாதியைப் பற்றிப் பேசுவதில்லை. இன்னொரு பக்கம், பட்டம் என்ற ஒரே சொல்லுக்காக, பாதி இடங்கள் காலியாகக் கிடக்கும் ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்த்து, நான்கு ஆண்டுக்குப் பிறகு அரியர் தாள்களோடு அவன் வீடு திரும்புவதைப் பார்க்கும் பெற்றோர் நம் பங்குகளில் உண்டு. ஏ.சி. பழுதுபார்க்க ஆள் கிடைக்கவில்லை என்று அதே தெருவில் புலம்பல் கேட்கும். கை வேலையைத் தாழ்ந்தது என்று கருதும் மனப்பான்மைக்கு நம் மண்ணில் சாதியோடு தொடர்பு உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நாசரேத்து மக்கள் ஆண்டவரைத் தச்சரின் மகன் என்று ஏளனமாகத்தான் குறிப்பிட்டார்கள் (மத் 13). 1955இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். விழாவைக் கொண்டாடுகிறோம், சூசையப்பரின் தொழிலைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தயங்குகிறோம்.

ஆனாலும் பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவர்களுடைய தயக்கத்தில் உண்மையும் இருக்கிறது.

முதலாவது, சான்றிதழ். சமுதாயக் கல்லூரிகளின் கதை அங்கீகாரத்தைத் தேடி அலைந்த கதையும்கூட. 2002இல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர் இவற்றுக்கு அங்கீகாரம் தந்து தொழிற்பட்டயம் வழங்கியது பெரிய ஆறுதலாக அமைந்தது. 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு தழுவிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோனது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்குள் சமுதாயக் கல்லூரி நடத்த நிதி கொடுத்தது. பள்ளியை முடித்தவர்களுக்கு அதனால் நன்மை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவர் அந்த வளாகத்துக்குள் எப்படி நுழைவார்? 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இடையில் நிறுத்தியவர் மீண்டும் வந்து தொடரலாம் என்றது. படித்த அளவைச் சேமித்து வைக்கும் கல்வி மதிப்பீட்டு வங்கி 2021இல் வந்தது. கொள்கை ஏடுகளில் பாதை போட்டாகிவிட்டது. ஆனால் ஓர் ஏழைப் பெண் தன் ஓராண்டுப் பட்டயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கல்லூரி அலுவலகத்துக்குப் போய், 'இதை ஓராண்டாகக் கணக்கில் எடுத்து என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் என்ன பதில் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றிரண்டாவது முன்வந்து இந்தப் பெண்ணுக்கு ஒரு வழியை அமைத்துக் கொடுத்தால் மற்றவை பின்தொடரும். அரசைக் குறை கூறுவதற்கு முன் நாம் செய்யக்கூடிய காரியம் இது.

இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. ஓராண்டு நோயாளர் பராமரிப்புப் படிப்பை 'நர்சிங்' என்று சொல்லிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். "எம் பொண்ணு நர்சுக்குப் படிக்கிறா" என்று அம்மாவும் ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார். அந்தப் படிப்பை முடித்தவர் மருத்துவமனை உதவியாளர். செவிலியர் மன்றத்தில் பதிவுபெறும் செவிலியர் அல்லர். அந்த வேலை மதிப்புள்ளது, தேவையானது. ஆனால் இல்லாத ஒன்றைச் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்ப்பது ஏமாற்று. சேரும் முன் சான்றிதழ் தருவது யார், களப்பயிற்சி எங்கே, சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். பத்தாம் வகுப்பில் தவறிய பாடங்களை அந்த ஓராண்டுக்குள்ளேயே தனித்தேர்வராக எழுதி முடித்துவிடுவதும் நல்லது. பின்னால் அது பல கதவுகளுக்குச் சாவி.

இரண்டாவது, ஊதியம். இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சமுதாயக் கல்லூரியில் படித்தவர்களைக் களப்பயிற்சி என்ற பெயரில் மாதக் கணக்கில் இலவசமாக உழைக்கவைத்து, பிறகு வேலை என்ற பெயரில் அற்பச் சம்பளம் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் சில நம் கத்தோலிக்க நிறுவனங்களாகவும் இருக்கக்கூடும் என்பதுதான் வேதனை. இரவுப் பணி பார்க்கும் அந்தப் பெண் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் பெறுகிறாளா? வருங்கால வைப்பு நிதியில் அவள் பெயர் இருக்கிறதா? திருத்தந்தை 2ஆம் ஜான் பால் 1981இல் வெளியிட்ட மனித உழைப்பு பற்றிய சுற்றுமடலில், ஒரு சமூகப் பொருளாதார அமைப்பு நீதியானதா என்று சோதிக்கும் உரைகல்லாக நியாயமான ஊதியத்தையே காட்டினார். ஏழைகளுக்கு ஒரு கல்லூரியைத் திறந்து, அங்கே உருவான தொழிலாளியைப் பக்கத்து வளாகத்தில் குறைந்த கூலிக்கு வாங்கிக்கொள்வது பணியாகாது.

இக்கல்லூரிகளை யாருக்காக நடத்துகிறோம் என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே தெளிவாக்கிவிட்டது. கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் தொழிற்பள்ளிகளையும் வயது வந்தோருக்கான கல்வி நிலையங்களையும் குறிப்பிட்டு, பொருள்வளம் இல்லாதவர்கள் மேலும் குடும்ப ஆதரவை இழந்தவர்கள் மேலும் தனி அக்கறை கொள்ளும்படி அது கேட்டுக்கொண்டது. தமிழகத் திருச்சபையில் இவர்கள் யார் என்று தேட வேண்டியதில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் காரணமாகப் பட்டியலினத்தாருக்குரிய இடஒதுக்கீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ள தலித் கிறிஸ்தவ இளைஞர்கள் இருக்கிறார்கள். பள்ளியைப் பாதியில் விட்டுக் கடலுக்குப் போகும் மீனவப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்கள் சமுதாயக் கல்லூரியின் வாசலைத் தேடி வரும்வரை காத்திருந்தால் சேர்க்கை குறைந்துவிட்டது என்ற புலம்பல்தான் மிஞ்சும். எண்ணிக்கையைக் காட்டுவதற்காகக் கல்லூரியில் இடம் கிடைக்கக்கூடிய பிள்ளைகளையே சேர்த்துக்கொண்டு, யாருக்காகத் தொடங்கினோமோ அவர்களை மறந்துவிடும் ஆபத்தும் உண்டு.

திராட்சைத் தோட்ட உவமையில் (மத் 20) நிலக்கிழார் மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்குப் போகிறார். அங்கே நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். உவமையைப் பற்றிய மறையுரைகளில் கடைசியாக வந்தவருக்குக் கிடைத்த ஒரு தெனாரியத்தைப் பற்றியே பெரும்பாலும் கேட்கிறோம். அவர் ஒரே நாளில் ஐந்து முறை வெளியே நடந்து போனார் என்பதும் நம் கவனத்துக்குரியது.

அப்படி நடந்து போவது நம் பங்குகளில் எப்படி இருக்கும்? தேர்வு முடிவு வந்த வாரத்தில் அன்பியப் பொறுப்பாளர்கள் தவறிய பிள்ளைகளின் வீட்டுக்குப் போகலாம், அறிவுரை சொல்ல அல்ல, விண்ணப்பப் படிவத்தோடு. வின்சென்ட் தே பவுல் சபையினர் ஆண்டுக்கு இரண்டு பேருக்குக் கட்டணத்தையும் பேருந்துச் செலவையும் ஏற்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இளைஞர்கள் கரையில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பிலும் குளிர்பதனத்திலும் குறுகியகாலப் பயிற்சி நடத்த, அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியும் பங்கும் சேர்ந்து திட்டமிடலாம். இடத்துக்குப் பஞ்சமில்லை, பங்கு மண்டபங்கள் திருமண நாட்கள் தவிரப் பூட்டித்தான் கிடக்கின்றன. கற்றுக்கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் பட்டறையிலும் கப்பலிலும் மின்வாரியத்திலும் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் நம் பக்கத்து வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.