‘வங்கியிலிருந்து பேசுகிறேன்’ என்பவனிடம் ஏன் பயப்படுகிறீர்கள்?

2024ஆம் ஆண்டில் மட்டும் இந்திய மக்கள் இணைய மோசடிப் பேர்வழிகளிடம் பறிகொடுத்த பணம் 22,845 கோடி ரூபாய்! நாடாளுமன்றத்தில் மத்திய அரசே கொடுத்த கணக்கு இது. அதற்கு முந்தைய 2023இல் இது 7,465 கோடியாக இருந்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு! அதுவும் புகார் செய்தவர்களின் கணக்கு மட்டும்தான். வெளியே சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் இதில் சேரவில்லை.

இந்த மோசடிகளில் பல வகை உண்டு. பங்குச் சந்தையில் கொள்ளை லாபம் என்று ஆசை காட்டுவது ஒரு வகை. வங்கியின் பெயரைச் சொல்லி மிரட்டுவது இன்னொரு வகை. நம் கடைவீதிக்கும் நம் வீடுகளுக்கும் நாள் தவறாமல் வருவது இந்த இரண்டாவது வகை அழைப்பு. இதில் திருடன் பூட்டை உடைப்பதில்லை. நம் வாயாலேயே சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறான்!

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். பட்டதாரிகளும் அதிகாரிகளும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் ஏமாந்திருக்கிறார்கள். இவன் குறிவைப்பது நம் அறிவை அல்ல, நம் பயத்தை.

பேச்சின் போக்கைக் கவனியுங்கள்

“சார், வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது. இன்று மாலைக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கிவிடும்.” இது ஒரு பாணி. “உங்கள் கார்டில் யாரோ 48 ஆயிரத்துக்குப் பொருள் வாங்குகிறார்கள், உடனே தடுக்க வேண்டும்” என்பது இன்னொரு பாணி. வார்த்தைகள் மாறும், போக்கு மாறாது.

முதலில் ஓர் அச்சம். அடுத்து ஓர் அவசரம். மூன்றாவதாக, “போனை வைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று ஒரு கட்டளை. இந்த மூன்றும் ஒரே அழைப்பில் வந்தால் அவன் மோசடிக்காரன் என்று முடிவு செய்துவிடுங்கள். மேலும் விசாரிக்க வேண்டியதில்லை.

“என் பெயரைச் சொல்கிறானே, கார்டின் கடைசி நான்கு எண்களைச் சொல்கிறானே, அப்படியானால் வங்கிக்காரன்தானே?” என்று சிலர் கேட்கிறார்கள். பெயரும் செல்போன் எண்ணும் கார்டு விவரமும் இன்று பட்டியல் பட்டியலாக விற்கப்படுகின்றன. அவற்றை வைத்திருப்பது வங்கிக்காரன் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

வங்கி ஒருபோதும் கேட்காதவை

ஓடிபி, பின் நம்பர், கார்டின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண், பாஸ்வேர்டு ஆகிய நான்கையும் எந்த வங்கி ஊழியரும் போனில் கேட்பதில்லை. ஓடிபி வரும் குறுஞ்செய்தியைப் பதற்றப்படாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அதிலேயே எழுதியிருக்கும். எவ்வளவு பணம் போகப் போகிறது என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்! நாம் படிப்பதில்லை, எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிக்கிறோம்.

வியாபாரிகள் இன்னொன்றையும் மனதில் பதிக்க வேண்டும். யுபிஐ பின் நம்பர் பணம் கொடுப்பதற்கு மட்டுமே. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. “அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் படத்தை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்” என்று ஒருவன் சொன்னால், அவன் அனுப்பப் போவதில்லை, உருவப் போகிறான். அதேபோல், “தவறுதலாக 20 ஆயிரம் உங்களுக்கு வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள்” என்று அழுவான். பணம் வந்ததாகக் குறுஞ்செய்தியும் இருக்கும். அந்தச் செய்தியை அனுப்பியவனே அவனாக இருக்கலாம். கணக்கைத் திறந்து இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே வந்திருந்தாலும் நீங்களாக அனுப்பாதீர்கள். வங்கியிடம் சொல்லி வந்த வழியிலேயே திரும்பச் செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் வங்கியின் சின்னத்தோடு ஒரு ‘ஏபிகே’ கோப்பு வரும். அதைத் தொட்டு நிறுவினால் நம் குறுஞ்செய்திகள் அவன் கைக்குப் போய்விடும். நாம் வாய் திறக்காமலே ஓடிபி அவனுக்குக் கிடைக்கும். எனிடெஸ்க் போன்ற செயலிகளை நிறுவச் சொல்வதும் உண்டு. அவை ஒருவர் திரையை மற்றவர் இயக்க உதவும் நல்ல கருவிகள்தாம். ஆனால் அவற்றைக் கொண்டு பணம் பறிக்கப்படுவதை 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. போனில் எவன் சொல்லியும் எதையும் நிறுவாதீர்கள்.

வங்கிகள் வாடிக்கையாளரைச் சேவைக்காக அழைக்க 1600 என்று தொடங்கும் எண்களும், விளம்பரத்துக்காக அழைக்க 140 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி இதை வலியுறுத்திச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆகவே சாதாரணப் பத்து இலக்கச் செல்போன் எண்ணிலிருந்து ‘தலைமை அலுவலகம்’ பேசினால் சந்தேகப்படுங்கள். எண் சரியாகத் தெரிந்தாலும் ஓடிபியைச் சொல்லாதீர்கள். எண்ணையும் போலியாகக் காட்ட முடியும்.

போனை வையுங்கள்!

வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசிப் பழகிய வாய் நம் வியாபாரிகளுடையது. எதிர்முனையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது வைப்பது மரியாதையில்லை என்று நினைக்கிறார்கள். திருடனுக்கு என்ன மரியாதை? வையுங்கள். அவனோடு வாதம் செய்யாதீர்கள். இளைஞர்கள் சிலர் அவனைக் கலாய்ப்பதாக எண்ணி அரை மணி நேரம் பேசுகிறார்கள்; அதுவும் வேண்டாம்.

வைத்த பிறகும் மனம் கேட்கவில்லையா? கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். அல்லது கிளைக்கு நேரில் போங்கள். கூகுளில் தேடி எடுத்த ‘கஸ்டமர் கேர்’ எண்ணை நம்பாதீர்கள். மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணையே அங்கே போட்டு வைக்கிறார்கள். வந்த அழைப்பை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலுள்ள ‘சக்ஷு’ பகுதியில் பதிவு செய்யுங்கள்.

வங்கிக்காரனாகப் பேசி ஏமாற்ற முடியாதவன் அடுத்துப் போலீஸ் வேடம் போடுகிறான். “உங்கள் கணக்கில் கறுப்புப் பணம் புழங்கியிருக்கிறது, சிபிஐ பேசுகிறோம், வீடியோவில் அப்படியே உட்காருங்கள்” என்கிறான். விசாரணை, கைது என்ற சொற்களைக் கேட்டாலே நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் நடுக்கம் உண்டு. அதன் காரணங்களை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த நடுக்கத்தைத்தான் அவன் காசாக்குகிறான். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். 2025இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மோசடியை வழக்காக எடுத்து, டிசம்பரில் உண்மையான சிபிஐயிடம் விசாரணையை ஒப்படைத்தது. எந்த அதிகாரியும் போனில் பணம் வாங்கி யாரையும் விடுவிப்பதில்லை.

ஏமாந்துவிட்டால்?

உட்கார்ந்து அழாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண் இது. பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்கு உங்கள் புகார் போகும். பணம் அங்கே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். வேறு வங்கிக்குத் தாவியிருந்தால் புகாரும் பின்னாலேயே போகும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் கதை முடிந்தது. அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம்! மகன் வரட்டும், மாமாவிடம் கேட்போம் என்று காத்திருந்தால் பணம் பத்துக் கணக்குகள் தாண்டிவிடும்.

அடுத்து வங்கிக்குச் சொல்லிக் கார்டையும் கணக்கையும் முடக்குங்கள். எழுத்தில் புகார் கொடுத்து அத்தாட்சி வாங்குங்கள். நம் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று 2017இல் ரிசர்வ் வங்கி நெறி வகுத்தது. ஆகவே புகார் கொடுத்த நாளும் நேரமும் முக்கியம். வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.

வீட்டுப் பெண்களைத் திட்டாதீர்கள்

கணவர் துபாயிலோ சவூதியிலோ இருக்க, வீட்டுக் கணக்கைப் பெண்களே பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். மோசடிக்காரனுக்கு இது தெரியும். ஏமாந்த பெண், கணவர் என்ன சொல்வாரோ என்று பயந்து மூன்று நாள் மறைத்துவிட்டால், அந்த மூன்று நாளும் திருடனுக்கு நாம் கொடுத்த சலுகை. வியாபாரிகளும் அப்படித்தான், கடைவீதியில் பெயர் கெடும் என்று மறைக்கிறார்கள். திருடியவன் வெட்கப்படாதபோது பறிகொடுத்தவர் எதற்கு வெட்கப்பட வேண்டும்? “எது நடந்தாலும் உடனே சொல்லுங்கள், திட்ட மாட்டேன்” என்று உங்கள் உம்மாவிடமும் மனைவியிடமும் இன்றே சொல்லி வையுங்கள்.

இளைஞர்களே, கணக்கை வாடகைக்கு விடாதீர்கள்!

திருடிய பணத்தை எந்தத் திருடனும் தன் கணக்கில் வாங்குவதில்லை. அதற்கு ஓர் ஏமாளியின் கணக்கு வேண்டும். “ஒரு மாதத்துக்கு உன் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, கமிஷன் தருகிறேன்” என்று வேலையில்லாத இளைஞர்களைத் தேடி வருகிறார்கள். சிலர் நண்பனுக்கு உதவி என்று கொடுத்துவிடுகிறார்கள். போலீஸ் முதலில் வந்து நிற்பது யார் வாசலில்? கணக்கு யார் பெயரிலோ அவர் வாசலில்! தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை சொல்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரை சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். யாரோ ஒரு விதவையின் சேமிப்பு அந்தக் கமிஷனில் கலந்திருக்கிறது. அது ஹராம் என்பதற்கு ஃபத்வா தேடிப் போக வேண்டுமா?

“டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்தில் நல்ல சம்பளம்” என்று அழைத்துப் போய், மியான்மர், கம்போடியா நாட்டு மோசடி முகாம்களில் அடைத்து, அங்கிருந்து மக்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைப்பதும் நடக்கிறது. 2025 மார்ச்சில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டு வர வேண்டியிருந்தது. விசிட் விசாவில் வேலை என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள்.

வியாபாரிகளுக்கும் இதில் ஆபத்து உண்டு. முன்பின் தெரியாதவன், “ஜிபேயில் 20 ஆயிரம் போடுகிறேன், ரொக்கமாகக் கொடுங்கள், ஐந்நூறை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்” என்று வந்தால் மறுத்துவிடுங்கள். அது திருட்டுப் பணமாக இருந்தால், எங்கோ வெளிமாநிலத்தில் பதிவான புகாரில் உங்கள் கணக்கு முடங்கும். சரக்குக்குப் பணம் கொடுக்க முடியாமல் நீங்கள் அலைவீர்கள். விற்ற பொருளுக்கு மட்டும் பணம் வாங்குங்கள். பில் போட்டு வையுங்கள்.

சகோதரர்களே! கல்லாப்பெட்டிக்கு மேலே 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் இளைஞர்கள் வீடு வீடாகப் போய், பெரியவர்களின் செல்போனில் அந்த எண்ணைப் பதிந்து கொடுங்கள். ஓடிபி என்றால் என்ன என்று பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்குங்கள். ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பை அந்தப் பத்து நிமிடம் காப்பாற்றக்கூடும்.