அந்த வயல்காட்டுப் பெண்ணை ஏன் மறந்தோம்?

'உட்தா பஞ்சாப்' 2016 ஜூனில் வெளியானபோது நாமெல்லாம் தணிக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். 'பஞ்சாப்' என்ற சொல்லையே நீக்கச் சொன்னது தணிக்கை வாரியம். ஒரே ஒரு வெட்டு போதும் என்றது மும்பை உயர்நீதிமன்றம். கருத்துரிமை வென்றது என்று நானும் மகிழ்ந்தேன். இரண்டாம் முறை பார்த்தபோதுதான், யாரைப் பார்க்கத் தவறினேன் என்பது உறைத்தது.

ஆலியா பட் நடித்த அந்தப் பெண் பீகாரிலிருந்து வயல்வேலைக்கு வந்தவள். ஒருகாலத்தில் ஹாக்கி ஆடியவள். எல்லை தாண்டி வீசப்பட்ட ஹெராயின் பொட்டலம் அவள் கையில் கிடைக்கிறது. விற்கப் போனவளை அடைத்துவைத்து, ஊசி போட்டு அடிமையாக்கி, வன்புணர்கிறார்கள். படத்தில் பாடகனும் போதைக்கு அடிமைதான். அவனுக்கு ரசிகர்கள் உண்டு, பணம் உண்டு, திருந்த அவகாசமும் உண்டு. லஞ்சம் வாங்கிக்கொண்டு சரக்கு லாரிகளை விட்ட போலீஸ்காரரின் தம்பிக்கு மருத்துவமனை உண்டு. அவளுக்கு மட்டும் பூட்டிய அறை. ஒரே ஹெராயின்தான், விழுகிற இடம்தான் வேறு.

சாதியைப் படம் பேசவில்லை. நாம் பேசியாக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் தலித்துகள். இந்தியாவிலேயே இதுதான் அதிகம். ஆனால் நிலம் பெரும்பாலும் அவர்களிடம் இல்லை. ஊர்ப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று சட்டம் இருந்தும், சங்ரூர் பகுதியில் அதைப் போராடித்தான் பெற வேண்டியிருந்தது. நிலமற்ற உடலை யாரும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல் ஹெராயின் கும்பலோடு பிறந்ததல்ல.

சட்டமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 5 கிராம் வரை ஹெராயின் 'சிறிய அளவு'. அதனுடன் பிடிபட்ட அடிமை, தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவு வழி சொல்கிறது. ஆனால் வழக்கறிஞரும், கையெழுத்திட ஓர் ஆளும், படுக்கை தர ஒரு மருத்துவமனையும் இல்லாதவனுக்கு இப்படியொரு பிரிவு இருப்பதை யார் சொல்வார்?

தோழர்களே, குற்றப் படங்களை நானும் விரும்பிப் பார்ப்பவன். பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கடத்தல்காரனின் கெத்துக்குக் கைதட்டும் முன், அந்தச் சரக்கு யார் உடம்பில் போய் இறங்குகிறது என்று ஒருமுறை கேட்போம். நம் தெருவில் சுருண்டு கிடக்கும் பையனை 'பொறுக்கி' என்று சொல்லிக் கடந்துபோகும் முன்பும் அதையே கேட்போம்.