ஆட்டக்காரரை அழைப்போர் சிந்தனைக்கு

கல்முனைப் பகுதியிலே ஓர் அணி இரண்டு பருவங்கள் தொடர்ந்து தோற்றுவிட்டால், அதன் கழகக் கூட்டத்தில் முதலில் எழும் குரல் யாது? "வெளியூரிலிருந்து நல்ல ஆட்டக்காரரைக் கொண்டு வாருங்கள்" என்பதே. கூடைப்பந்தாட்டமாயினும் உதைபந்தாட்டமாயினும் நோய்க்கு இஃதொன்றே மருந்தென நம்மவர் எண்ணுகின்றனர். அழைப்பது தவறன்று. யாரை, எதற்காக, எந்த நிபந்தனையில் அழைக்கின்றோம் என்று ஆராயாது அழைப்பதே தவறு.

முதலில், ஆட்டக்காரனின் உரிமையைச் சிந்திப்போம். 1960இல் ஜோர்ஜ் ஈஸ்தம் என்ற ஆங்கில உதைபந்தாட்ட வீரர் நியூகாசில் கழகத்தைவிட்டு நீங்க விரும்பினார். ஒப்பந்தக் காலம் முடிந்தும் கழகம் அவரை விட மறுத்தது. 1963இல் நீதியரசர் வில்பர்போர்ஸ், அவ்வாறு பிடித்து வைக்கும் முறை தொழில் செய்யும் உரிமைக்கு இடப்பட்ட நியாயமற்ற தடை எனத் தீர்ப்பளித்தார். அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்திலே ஒஸ்கார் ரொபேட்சன் 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் இணக்கமாக முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் தாம் விரும்பிய அணியை நாடும் வழி அதனாலேயே திறந்தது. ஆட்டக்காரன் கழகத்தின் பட்டியிற் கட்டிய மாடல்லன். பருவம் முடிந்த பின்னரும் விடுவிப்புக் கடிதம் தராது இழுத்தடிக்கும் வழக்கம் எங்கிருந்தாலும் அது ஒழிய வேண்டும்.

இனி, அழைத்து வந்தால் வெற்றி நிச்சயமா? இரண்டு அமெரிக்க அணிகளின் கதையைக் கேளுங்கள். பீனிக்ஸ் அணி 2003-04 பருவத்தில் 82 ஆட்டங்களில் 29இல் மட்டுமே வென்றது. ஒப்பந்தம் முடிந்திருந்த ஸ்டீவ் நாஷ் என்பவரை அது 2004இல் சேர்த்துக்கொண்டது. அடுத்த பருவத்திலே 62 வெற்றிகள்! ஒரு மனிதர் இத்தனையும் செய்தாரா? இல்லை. பந்தைக் கூடையிலிடும் இளைஞர் அவ்வணியில் ஏற்கெனவே இருந்தனர். அவர்களிடம் உரிய வேளையிற் பந்தைச் சேர்ப்பவரே இல்லாதிருந்தார். வயல் நல்ல வயல், வாய்க்கால்தான் இல்லை. வாய்க்கால் வந்தது, வயல் விளைந்தது.

டெட்ரோயிற் அணியோ 2009இல் இருவருக்குப் பெரும்பொருள் கொடுத்து ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. முன்பருவத்தில் 39 ஆட்டங்களில் வென்ற அவ்வணி அடுத்த பருவத்தில் 27இல் மட்டுமே வென்றது. தன் குறை எதுவென அறியாது கடைக்குச் சென்றவன் கதை இது.

இதனை உணர நாம் அமெரிக்காவுக்குத்தான் செல்ல வேண்டுமென்பதில்லை. 1956 தேர்தலிலே கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்றவர்கள் பின்னர் அரசாங்கப் பக்கம் சென்றனர். சென்றவரை மட்டும் குறைகூறிப் பயனென்ன? வெற்றிக்காக மட்டும் சேர்ந்த உறவு வெற்றியோடு முடியும். அரசியலுக்கும் ஆட்டத்துக்கும் இது பொது விதி.

நல்ல உதாரணமும் நம்மிடமே உண்டு. யாழ்ப்பாணத்திற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் அவுஸ்திரேலியக் கழகங்களில் ஆடித் தேர்ந்தவர். 2018இல் அவர் மீண்டும் இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் நின்றார். ஒன்பது ஆண்டுகளாகக் கைக்கெட்டாதிருந்த ஆசியக் கிண்ணம் சிங்கப்பூரில் இலங்கைக்குக் கிட்டியது. யார் தமிழர், யார் சிங்களவர் என்ற கணக்கைக் களத்திலே யாரும் பார்க்கவில்லை. பந்து வந்தது, அவர் பிடித்தார், வலையிலிட்டார். அவ்வளவே.

வெளியிலிருந்து அழைக்கத் தக்கவர் ஆட்டக்காரர் மட்டுமல்லர் என்பதையும் மறத்தலாகாது. 1948இல் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருவான யூஜின் ஹீபேட் அடிகளார், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலே கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தார். அவர் கிண்ணத்தைத் தேடி வந்தவரல்லர்; மாணவரைப் பயிற்றியவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் காணாமற்போனார். ஆயினும் அவர் இட்ட நாற்றின் விளைச்சலைக் கிழக்கு மாகாணம் அறியும். ஓர் ஆட்டக்காரனுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பயிற்றுநரை அமர்த்த முடியுமாயின், பின்னதையே தெரிவு செய்க என்பேன்.

இறுதியாக ஒரு கேள்வி. கொழும்பிலிருந்து வாகனம் வைத்து ஆட்டக்காரரை அழைத்துவர ஆயத்தமாயிருக்கும் கல்முனைக் கழகம், நடந்து செல்லும் தூரத்திலுள்ள பாண்டிருப்பு இளைஞனை அழைத்ததுண்டா? பாண்டிருப்புக் கழகம் சாய்ந்தமருதுக்கும் மருதமுனைக்கும் ஆளனுப்பியதுண்டா? கோவிலையும் பள்ளிவாசலையும் கட்சி அட்டையையும் பார்த்து அணி தெரிவோமாயின், நாமே நம் பலத்திற் பாதியைக் கரைக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தோல்விக்குக் காரணம் தேடுகின்றோம். பிரதேச சபையும் எல்லைக் கோடும் பற்றிய வழக்குகளை உரிய மன்றங்களிலே பேசுவோம். அவற்றை மைதானத்துக்குள் இழுத்துவர வேண்டாம்.

கழகத் தலைவர்களே! அணியின் குறை எதுவெனக் கண்டறியுங்கள். அழைப்பவரோடு எழுத்திலே ஒப்பந்தம் செய்யுங்கள். காலம் முடிந்ததும் கைகுலுக்கி விடைகொடுங்கள். தூரத்துக் கதவைத் தட்டுமுன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கடலோடியும் உழவனும் ஒரே சந்தையிலே கொண்டு கொடுத்து வாழும் இம்மண்ணில், அவர்தம் பிள்ளைகள் ஒரே அணியில் ஆட முடியாதென்பது நாம் கட்டிய வேலி. கட்டிய நாமே அதனைப் பிடுங்க வேண்டும்.