புள்ளி விழாத பலகை



தையல் மெஷினில் ஊசி மாற்றத் தெரியாத பெண்கள் எங்கள் வீடுகளில் குறைவு. தட்டைப் பக்கம் எது என்று பார்த்து, முட்டும்வரை மேலே தள்ளி, திருகாணியை இறுக்கினால் வேலை முடிந்தது. ஊசி முட்டி நிற்க உள்ளே ஓர் இடம் இருப்பதால் அதன் நுனி எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீட்டு மேசைகளிலும் வைக்கக்கூடிய சிறிய சி.என்.சி. ரூட்டரில் அப்படி முட்டி நிற்கும் இடம் கிடையாது. கணனி காட்டும் வழியில் மரத்தைச் செதுக்கும் இவ்வியந்திரத்தில் பெயர்ப்பலகை, ரைஹால் எல்லாம் செய்யலாம். ஆனால் பரந்த இடத்தைக் குடைய ஒரு பிட், எழுத்தின் நுணுக்கத்துக்குக் கூரான வேறொரு பிட் என்று மாற்ற வேண்டும். மாற்றிய பிட் பழையதைவிட நீண்டிருக்கிறதா, குட்டையா என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? 60 பாகைக் கூர் பிட் 2 மில்லிமீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 2.3 மில்லிமீற்றர் அகலப் புள்ளி விழும். பிட் 1 மில்லிமீற்றர் குட்டையாக நின்றால் புள்ளி பாதியாகும். 2 மில்லிமீற்றர் என்றால் புள்ளியே இராது. அரபு எழுத்தில் இது சின்ன விஷயமல்ல. ‘காலிக்’ என்றால் படைத்தவன். அதன் முதலெழுத்தின் மேற்புள்ளி விழாவிட்டால் ‘ஹாலிக்’ ஆகிவிடும்; அதற்குப் பொருள் மயிர் மழிப்பவன்! அப்துல் காலிக் என்ற பெயர்ப்பலகையை வாசலில் மாட்டுபவர் பாவம். பிட் நீண்டு நின்றாலோ, பலகையை உழுதுகொண்டே போகும்.

பெரிய தொழிற்சாலைகளுக்கு இந்தத் தொல்லை தீர்ந்து வெகுகாலம். 1958 இல் அமெரிக்காவில் வந்த மில்வாக்கி-மாட்டிக் இயந்திரம் தன் ஆயுதங்களைத் தானே மாற்றிக்கொண்டது. 2009 இல் நோர்வேயில் தோன்றி, பல வீட்டு இயந்திரங்களை இயக்கிவரும் ‘கெர்பில்’ மென்பொருளுக்கோ பிட் மாற்றும் கட்டளையே விளங்காது. எனவே ஒவ்வொரு பிட்டுக்கும் தனித்தனிக் கோப்பாக வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று முடிந்ததும் இயந்திரம் நிற்கும், நிதானமாக மாற்றலாம்.

மாற்றும்போது பலகையைக் கழற்றவே வேண்டாம். இடம் வலமும் முன் பின்னும் முதலில் காட்டிய மூலையிலேயே இருக்கட்டும். உயரத்தை மட்டும் புதிதாகக் காட்டுங்கள்: பலகைமேல் ஒரு தாளை வைத்து, தாள் இலேசாகப் பிடிபடும்வரை பிட்டை இறக்கினால் போதும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அளப்பது முக்கியம். முதல் பிட் மேற்பரப்பைச் சீவிவிட்டால் அந்த அடையாளம் போய்விடும். அதனால் ஓர் ஓரத்தைச் சீவாமல் விடுங்கள், அல்லது தொடக்கத்திலிருந்தே அடித்தட்டிலிருந்து அளவெடுங்கள்.

ஸ்பேனரைக் கையிலெடுக்குமுன் மோட்டாரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். தனிப் பிளக் இல்லாத இயந்திரமானால் முழுவதையும் நிறுத்த வேண்டும். அது தன் மூலையை மறந்துவிடும்தான்; திரும்பக் காட்டும் சிரமம் ஒரு விரலைவிடப் பெரிதல்ல. முந்தானையையும் பர்தாவின் தலைப்பையும் செருகிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிட் சுடும், உடனே தொடாதீர்கள்.

பிட்டைக் கவ்வும் பிளவுபட்ட சிறு உறைக்குக் கொலட் என்று பெயர். அதிலே மரத்தூள் தங்கினால் பிட் வழுக்கும். மாற்றும் ஒவ்வொரு முறையும் துடையுங்கள். பிட்டை அடிவரை அழுத்தாமல் சற்றே மேலே இழுத்துவிட்டு இறுக்க வேண்டும். பழைய சோனகத் தெருக் கடைகளில் பிட் வாங்கப் பிள்ளையை அனுப்பினால் தண்டின் அளவை எழுதிக் கொடுங்கள். 6 மில்லிமீற்றரும் கால் அங்குலமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்; கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். ஒன்றின் கொலட்டில் மற்றதைப் போடாதீர்கள்.